எட்வேட் உயிரோடு இருந்த குற்றம்

ஸ்காபரோ
12 பெப்ரவரி 2024

தம்பி வாகீசனுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருப்பதை ரீவியில் பார்க்கிறேன். கோட்டுப் பொத்தானுக்குக் கீழே கொஞ்சம் வண்டி வைத்திருக்கிறது.

உன் ஒட்டாவா கந்தோருக்கு ஐந்து தடவை ரெலிபோன் எடுத்துவிட்டேன். அட்சயா என்றொரு பிள்ளைதான் எடுக்கிறது. மரியாதையான பிள்ளை. "அங்கிள், அவர் மீற்றிங்ல நிக்கிறார், மெசேஜ் எடுக்கட்டா?" என்று ஐந்து தடவையும் ஒரே வசனம். ஆறாவது தடவை எடுக்காமல் கடிதம் எழுதுகிறேன். பாராளுமன்றத்துக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லையாம். முப்பத்தெட்டு வருடத்தில் இந்த நாட்டு அரசாங்கம் எனக்குச் சும்மா தந்த முதல் சாமான் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மீன் கடையில் மீன் அறுக்கும் வாள் மெஷினில் நிற்கும் ஜூலியஸை உனக்குத் தெரியும். ஊரில் பேசாலைக் கடற்கரைக்காரன். 2010 இல் வந்து அகதிக் கோரிக்கை வைத்தான். அப்போது என் கடைக்கு மேல் அறையில் நீ சட்டத்தரணி. நான்தான் அவனைப் படியேற்றி உன்னிடம் அனுப்பினேன். ஒரே விசாரணையில் வென்று கொடுத்தாய். அன்றையிலிருந்து அவன் வீட்டுப் பூசை மேசையில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் நீ இல்லாததுதான் குறை.

போன மாதம் அவனுக்கு இமிகிரேஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அகதி அந்தஸ்தை ரத்துச் செய்யக் கேட்டு வழக்கு. பொய் சொல்லி எடுத்தானாம். விண்ணப்பத்தில் "என் தம்பி எட்வேட் 2009 மே மாதம் இராணுவத்தால் கொல்லப்பட்டான்" என்று இருக்கிறது. எட்வேட் உயிரோடு இருக்கிறான். பேசாலையில் படகு என்ஜின் திருத்துகிறான்.

தோற்றால் ஜூலியஸை ஏற்றி அனுப்புவார்கள். மனைவி கிளடிஸும் மகள் றெபேக்காவும் இங்கே. மகளுக்கு ஒன்பது வயது, இங்கே பிறந்தவள்.

இப்போது கேஸை எடுத்திருப்பது உன்னிடம் வேலை பழகிய நிரூபா. அவள் சொல்கிறாள், அந்த வசனம் தன் யோசனைப்படி எழுதப்பட்டதென்று அன்றைய சட்டத்தரணி ஒரு சத்தியக் கடதாசி தந்தால் தப்ப வழியிருக்கிறதாம். உன் பழைய கந்தோரில் இருந்த, பத்து வருடம் கழிந்த ஃபைல்கள் அழிபட்டுவிட்டன. மிச்சமிருப்பது உன் வாய்தான்.

ஒரு கையெழுத்து. எப்போது வருகிறாய் என்று எழுது.

அன்புராசா

ஒட்டாவா
27 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணை,

கடிதம் கிடைத்தது. அட்சயாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "வெடிங் கார்ட் போல இருக்கு" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒருவிதத்தில் நல்லது. இனியும் இப்படியே எழுதுங்கள். இமெயிலும் வட்ஸ்அப்பும் வேண்டாம். அவை எங்கோ தேங்கி நிற்கும். நானும் கையாலேயே எழுதுகிறேன். பன்னிரண்டு வயதில் விட்ட எழுத்து, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலியஸின் செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறேன். ஆனால் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அகதிகள் தீர்ப்பாயம் சுயாதீனமானது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அங்கே நடக்கும் வழக்கில் ஒரு சொல் எழுதினாலும் அது தலையீடு. எனக்கு மட்டுமல்ல, ஜூலியஸுக்கும் அது கூடாமல் முடியும்.

அந்தக் காலத்தில் நானூற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் செய்தேன். எதில் எந்த வசனம் எழுதினேன் என்று உண்மையாகவே நினைவில்லை.

ஒன்று கேட்கிறேன். பதினாலு வருடம் கழித்து எட்வேட் உயிரோடு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யாராவது காட்டிக் கொடுத்தார்களா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாகீசன்

ஸ்காபரோ
5 மார்ச் 2024

தம்பி,

காட்டிக் கொடுத்தவன் நான்.

போன வருடத்துக்கு முதல் வருடம் ஜூலியஸின் தாய் செத்துப்போனது. அவனால் போக முடியவில்லை. வாள் மெஷினை நிறுத்திவிட்டு ஃப்ரீசருக்குள் போய் நின்று அழுதான். பதினோரு வருடம் என்னோடு நின்றவன். ஆகவே மரண அறிவித்தலை என் பொறுப்பில் போட்டேன். படத்தோடு, பெரிதாக, இணையத்திலும் பேப்பரிலும். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன நடக்குமென்று உனக்குத் தெரியும். என் மாமியாருடைய அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் தவறிப்போய், அந்தக் குடும்பம் இன்றைக்கும் என் கடை வாசலைத் தாண்டி அஜின்கோர்ட்டுக்குப் போய் மீன் வாங்குகிறது. அதனால் இரண்டு நாள் இருந்து பேசாலைக்கு ரெலிபோன் எடுத்து, பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாப் பெயரையும் சேர்த்தேன். "ஜூலியஸ் (கனடா), எட்வேட் (பேசாலை) ஆகியோரின் பாசமிகு தாயாரும்" என்று என் வாயால் சொல்லி எழுதுவித்தேன். விண்ணப்பத்தில் எட்வேட் செத்தவன் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவேயில்லை. ஜூலியஸ் அழுதபடி இருந்தான். அவனும் பார்க்கவில்லை.

சிற்றிசன் சோதினைக்குப் பயந்து இவ்வளவு காலமும் ஒதுங்கியிருந்தவன், போன வருடம்தான், மகள் பாடம் சொல்லிக்கொடுக்க, விண்ணப்பம் போட்டான். யாரோ ஒரு உத்தியோகத்தர் அவன் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். நான் போட்ட அறிவித்தல் இப்போது ஆங்கில மொழிபெயர்ப்போடு ஃபைலில் இருக்கிறது. நிரூபா காட்டினாள். ஒரு பெயரும் விடுபடவில்லை.

என் பிழையை நான் சொல்லிவிட்டேன். இனி உன்னுடையது.

நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை. ஜூலியஸ் உன் அறையிலிருந்து இறங்கி வந்து இறால் பெட்டியில் குந்தினான். "என்னடா?" என்றேன். "அண்ணை, தம்பியைக் காணேல்லை எண்டு சொன்னன். காணேல்லை எண்டா நம்பாங்கள், செத்தது எண்டு போடுவம் எண்டு சொன்னார். கையெழுத்து வைச்சிட்டன். என்ர தம்பியை நான் இண்டைக்குச் சாக்காட்டிப்போட்டன்" என்றான். அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகுதான் எட்வேட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்தான்.

நான் எம்.பி.யிடம் ஒன்றும் கேட்கவில்லை. எம்.பி. தீர்ப்பாயத்துக்கு எழுத வேண்டாம். என் கடைக்கு மேலே இருந்த சட்டத்தரணி எழுதட்டும். உன்னைத் தேர்தலுக்கு நிறுத்தும் கட்சி நியமனக் கூட்டத்துக்கு நான் பதினொரு ஸ்கூல் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்தபோது, "அண்ணை, நீங்க என்ன கேட்டாலும் செய்வன்" என்று அந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் என்னைக் கட்டிப்பிடித்தவனும் அவன்தான். இத்தனை வருடம் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொகுதியில் வைக்கும் தைப்பொங்கல் விருந்துக்குக்கூட மேடையில் கதிரை கேட்கவில்லை.

அன்புராசா

ஒட்டாவா
3 ஏப்ரல் 2024

அண்ணை,

பதில் எழுத ஒரு மாதம் எடுத்தது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

நினைவிருக்கிறது. அந்தச் சனிக்கிழமையும் இருக்கிறது. ஜூலியஸ் கேட்டான், "ஐயா, உப்பிடி எழுதினா அவன் உண்மையாச் செத்துப்போயிடுவானோ?" என்று. நான் சிரித்தேன்.

உங்களுக்கு என் கதை தெரியும். பதினாலாவது மாடியில் இரண்டு அறைக்குள் ஏழு பேர். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கும் வெல்ஃபெயர் கந்தோருக்கும் போய் மொழிபெயர்த்தவன். சட்டம் படிக்கப் போனதே அந்த மேசைகளுக்கு முன்னால் அம்மா தலை குனிந்து நின்ற நிலையைப் பார்த்துத்தான். அதனால் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஜூலியஸ் வருவதற்கு முந்திய வருடம் மூன்று கேஸ் தோற்றேன். மூன்றிலும் "காணாமல் போனவர்" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். "காணாமல் போனவர் திரும்பி வரலாம்தானே?" என்று ஒரு நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த மூவரில் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே இறங்கிய விமான நிலையத்தில் வைத்தே பிடித்துக்கொண்டுபோனார்கள். பிறகு என்ன நடந்ததென்று அவருடைய மனைவிக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நான் "கொல்லப்பட்டார்" என்று எழுதினேன். ஒன்றரை வருடமாகக் காணாதவர்கள், செத்துத்தான் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாக் கேஸும் வென்றன. "வாகீசனிட்டப் போனால் வெல்லலாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுத்தான் அந்தப் பதினொரு பஸ்ஸையும் நிரப்பியது. என் பாராளுமன்றக் கதிரை அதில்தான் நிற்கிறது.

ஜூலியஸ் மட்டுமில்லை, அண்ணை. இருபதுக்கும் மேலே. நான் கொன்று எழுதியவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள், சிலர் இல்லை. நான் ஒரு சத்தியக் கடதாசி வைத்தால் நான் செய்த கேஸ் எல்லாவற்றையும் திறப்பார்கள். வீடு வாங்கி, பிள்ளை பெற்று, என்னை மறந்து வாழும் குடும்பங்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

என் சட்ட உரிமமும் போகும், கதிரையும் போகும். மந்திரிசபையில் எடுக்கப்போவதாக ஒரு கதையும் இருக்கிறது. அதை ஒளிக்கவில்லை. எது எனக்காக, எது அந்த இருபது பேருக்காக என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முடியவில்லை.

வாகீசன்

ஸ்காபரோ
11 ஏப்ரல் 2024

தம்பி,

உண்மையை எழுதியதற்கு நன்றி. இருபது பேரென்பது நல்ல காரணம். உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம். வியாபாரத்தில் கண்டிருக்கிறேன்.

உன்னிடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற இருபது பேரின் வாசலில் இன்னும் ஒருவரும் தட்டவில்லை. ஜூலியஸின் வாசலில் தட்டியாயிற்று. கரையில் நிற்பவனை நினைத்துத் தண்ணீருக்குள் கிடப்பவனை விடுவது என்ன நியாயம்?

ஒரு பெரிய சட்டத்தரணியைப் பிடித்து, இந்த ஒரு கேஸை மட்டும் தொட்டு எழுத வழியிருக்கிறதா என்று கேள். விசாரணை ஜூன் 19. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை, 14 ஆம் திகதி, நிரூபாவின் கந்தோரில் நான் நிற்பேன். நான் வாய் திறக்கமாட்டேன். உனக்குத் தெரியும், திறந்திருந்தால் இதற்குள் பேப்பரில் வந்திருக்கும்.

அன்புராசா

ஒட்டாவா
2 மே 2024

அண்ணை,

கேட்டேன். வழியிருக்கிறது, ஆனால் ஒடுக்கமான வழி என்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறோம்.

14 ஆம் திகதி மூன்று மணிக்கு வருகிறேன். ஜூலியஸிடம் சொல்லுங்கள்.

வாகீசன்

ஸ்காபரோ
20 ஜூன் 2024

கனம் பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை. ஜூலியஸ் ஞாயிறு பூசைக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை கதவையே பார்த்துக்கொண்டு இருந்தோம். ஐந்தே காலுக்கு அட்சயா எடுத்து, "அங்கிள், இஞ்ச வோட்டிங் இழுபட்டுட்டுது, ரியலி சொறி" என்றாள். அந்தப் பிள்ளையில் பிழையில்லை.

திரும்பி வரும்போது காரில் அவன் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்திலும், அவனைத் தேற்ற வேண்டுமென்றும், வாய் திறக்கமாட்டேன் என்று எழுதிய நான் வாயைத் திறந்துவிட்டேன். "உவன் வராததுக்குக் காரணம் இருக்கடா. நீ ஒராள் இல்லை, இருபது பேர் இருக்கினம். எல்லாற்ர ஃபைலும் திறபடுமாம்" என்றேன். ஜூலியஸ் திரும்பிப் பார்த்தான். "பேக்கரி ஜனார்த்தனும் அந்தப் படியாலதானே ஏறினவர்?" என்று கேட்டான். எங்கள் பிளாசாவிலேயே பேக்கரி வைத்திருக்கும் ஜனார்த்தன், மூன்று பிள்ளைகள். ஓம் என்றேன்.

நேற்று விசாரணை. இப்போதெல்லாம் கம்பியூட்டரில்தான். நிரூபாவின் கந்தோரில் அவனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். நீங்கள் வராவிட்டாலும் நடந்ததை அவன் தன் வாயால் சொல்லட்டும் என்று நிரூபா சொல்லியிருந்தாள். நீதிபதி நல்ல பெண். ஆறுதலாகத்தான் கேட்டார். "தம்பி கொல்லப்பட்டதாக எழுதும்படி உமக்கு யாராவது சொன்னார்களா?"

ஜூலியஸ் சத்தியம் செய்திருந்தான். வேதப்புத்தகத்தில் கை வைத்து.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான்" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முதலே நிரூபா அவனைப் பார்த்தாள். நீதிபதி திரும்பவும் கேட்டார். "உம்முடைய அன்றைய சட்டத்தரணிக்கு உண்மை தெரியுமா?" "அவருக்குத் தெரியாது. அவரையும் ஏமாத்தித்தான் எழுதுவிச்சனான்" என்றான். மூன்றாம் தரமும் கேட்டார். அதே பதில்.

வெளியே வந்து, "விசரா, என்னடா செய்தாய்?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னான், "அண்ணை, எங்கட பக்கத்தால ஒட்டாவாவில கதைக்கிறது அவர் ஒராள்தான். அவரையும் விழுத்தி, ஜனார்த்தன் அண்ணையாக்களையும் ஏத்தி அனுப்பிப்போட்டு, நான் இஞ்ச நிண்டு மீன் வெட்டுறதோ?"

நான் நாற்பது வருடமாக ஆட்களை எடைபோட்டு வியாபாரம் செய்தவன். என் கடையில் பதின்மூன்று வருடம் நின்ற ஒருவனை எடைபோடத் தெரியவில்லை.

அன்புராசா

ஒட்டாவா
1 ஜூலை 2024

அண்ணை,

வாக்கெடுப்பு என்று அட்சயாவைக் கொண்டு சொல்வித்தது பொய். அன்றைக்கு நான் ஸ்காபரோவில்தான் இருந்தேன். நிரூபாவின் கந்தோருக்குக் கீழே, பார்க்கிங்கில். கையெழுத்து வைக்கவேண்டிய கடதாசி பக்கத்து சீற்றில் இருந்தது. நீங்களும் ஜூலியஸும் இறங்கி வந்து காரில் ஏறியதைப் பார்த்தேன். அவனுடைய வெள்ளைச் சேட்டையும் பார்த்தேன். கதவைத் திறக்கக் கையை வைத்தேன். திறக்கவில்லை. மார்க்கம் நகரில் உள்ள என் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் கடிதம் வாசித்த பிறகு கையெழுத்து வைத்தேன். நிரூபாவுக்கு அனுப்பக் கூரியரையும் கூப்பிட்டேன். பிறகு சட்டத்தரணியாக யோசித்தேன். ஜூலியஸ் சத்தியத்தின் மேல் மூன்று தரம் சொல்லிவிட்டான். இனி நான் உண்மையைச் சொன்னால் அவன் தீர்ப்பாயத்துக்கும் பொய் சொன்னவனாகிறான். நம்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நிரூபாவிடம் கேட்டேன். அவளும் அதைத்தான் சொன்னாள். பிறகு, "நீங்க வெள்ளிக்கிழமை வந்திருக்கலாம், சேர்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அண்ணை. அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

வாகீசன்

ஸ்காபரோ
9 ஜனவரி 2025

தம்பி,

உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கிளடிஸுக்காக எழுதுகிறேன்.

ஓகஸ்ரில் தீர்ப்பு வந்தது. மேல் நீதிமன்றத்தில் கேட்டதும் சரிவரவில்லை. நவம்பர் 21 ஆம் திகதி ஏற்றினார்கள். நான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். பதினாலு வருடத்துக்கு ஒரு சூட்கேஸ். அதிலும் பாதி, எட்வேட்டின் பிள்ளைகளுக்கு றெபேக்கா வாங்கிக் கொடுத்த உடுப்பு. உள்ளே போக முதல் கையை நீட்டினான். "மீன் மணக்குதோ அண்ணை?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

அங்கே எட்வேட்டும் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். வழக்குக் கதை ஊருக்குப் போயிருக்கிறது. தன்னைச் செத்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கனடாவில் இருந்தவன் என்று சொல்கிறானாம். ஜூலியஸ் அதற்கும் மறுமொழி சொல்லவில்லை. ஒன்றுவிட்ட சகோதரி வீட்டு விறாந்தையில் படுக்கிறான். பொலிஸ் இரண்டு தரம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. கடலுக்குப் போக உடம்பு விடாது. இங்கே வாள் மெஷினில் நின்று தோள்மூட்டுத் தேய்ந்தவன்.

உன்னை மந்திரியாக எடுத்ததைப் பேப்பரில் பார்த்தேன். எங்கள் பிளாசாவில் கேக் வெட்டினார்கள். ஜனார்த்தன்தான் செய்து கொடுத்தான். எனக்கும் ஒரு துண்டு தந்தான். தின்றேன். தின்னாவிட்டால் ஏனென்று கேட்பான்.

நேற்றுக் கிளடிஸ் வீட்டுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோனேன். குசினிச் சுவரில் உன் கலண்டர் தொங்குகிறது, நீ தொகுதியில் எல்லா வீட்டுக்கும் அனுப்பிய புது வருடக் கலண்டர். நீயும் மனைவியும் பிள்ளைகளும் சிவப்பு மேப்பிள் மரத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஜூலியஸ் ரெலிபோன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை றெபேக்கா அதில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், டிசெம்பர் வரைக்கும்.

கிளடிஸுக்கு உன் பங்கு ஒன்றும் தெரியாது. ஜூலியஸ் சொல்லவில்லை, சொல்லவேண்டாமென்று என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டான். "எம்.பி. உதவி செய்யேல்லையோ அங்கிள்?" என்று அவள் கேட்டபோது, உன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாய், சட்டம் விடவில்லை என்று நான்தான் சொன்னேன். விற்கத் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாதா? உடனே நம்பிவிட்டாள்.

நான் வெளிக்கிடும்போது வாசல் வரை வந்தாள். மந்திரி வேலையில் உனக்கு நேரம் இருக்காது, ரெலிபோன் எடுத்துக் கரைச்சல் கொடுக்க விருப்பமில்லை, ஆனபடியால் நான் காணும்போது உனக்கு நன்றி சொல்லிவிட வேண்டுமாம்.

சொல்லிவிட்டேன்.

அன்புராசா